216-ஆம் எண்: பதவி உயர்வில் விடுபட்ட ஒரு நர்ஸிங் ஆபீஸரின் கோப்பு

2022 ஜனவரியில் ஒரு மத்திய அரசு மருத்துவமனையில் பதவி உயர்வு உத்தரவு வெளியானது. நர்ஸிங் ஆபீஸர்கள் சீனியர் நர்ஸிங் ஆபீஸர்களாகிறார்கள். ஊதிய நிலை 7-இலிருந்து 8-க்குப் போகிறது. பெயர்கள் சீனியாரிட்டி வரிசையில் இருந்தன. 214, 215, அப்புறம் 217. நடுவில் ஒருவரைக் காணவில்லை.

அந்த ஒருவரின் கோப்பைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் சொல்லப் போவதில்லை. பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து 2012 செப்டம்பரில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவர். 2016-இல் மத்திய அரசு ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவிப் பெயரை நர்ஸிங் ஆபீஸர் என்று மாற்றியபோது இவரும் ஆபீஸர் ஆனார். வேலை என்னவோ அதேதான். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் நர்ஸ்கள் சங்கத்துக்காக மனு எழுதிக் கொடுப்பதை விடவில்லை என்பதால் கோப்பு என்னிடம் வந்தது.

உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தபோது அவர் மதிய ஷிஃப்டுக்கு ஹேண்டிங் ஓவர் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற 217, அவரை அக்கா என்று கூப்பிடுகிற பையன், பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனை உள்ளே வைத்துக்கொண்டானாம். "அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது அக்கா" என்றார். அன்று இரவே எனக்குப் போன். முதல் அரை மணி நேரமும் அந்தப் பையனைப் பற்றித்தான் பேச்சு. அவனுக்கு யாரைத் தெரியும், மேட்ரன் ஆபீஸில் அவன் எத்தனை தடவை போய் நின்றான், ஐ.சி.யூ.வில் அவன் வேலை செய்த லட்சணம் என்ன, இப்படியே.

இந்தப் பேச்சை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கேட்கலாம். பதவி உயர்வு போனதும் கோபம் ஜூனியர் மேல் பாய்கிறது. மத்திய அரசுப் பணியில் இதற்கு ஆதாரமே கிடையாது. 2002 பிப்ரவரியில் பணியாளர் துறை போட்ட உத்தரவின்படி, பதவி உயர்வுக் குழு ஒருவரைத் தகுதி உள்ளவர் அல்லது இல்லாதவர் என்று மட்டும்தான் எழுத முடியும். தகுதி உள்ளவர்கள் எல்லோரும் பழைய சீனியாரிட்டி வரிசையிலேயே போவார்கள். அதற்கு முன் தேர்வுப் பதவிகளில் கூடுதல் தரம் வாங்கிய ஜூனியர் மேலே ஏறிவிட முடியும். அந்தக் காலம் போய்விட்டது. ஆகவே 217 இவரை முந்தவில்லை. 216-ஐ யாரோ தகுதியில்லாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் எழுதினார்கள் என்பது அந்தப் பையனுக்கே தெரியாது. அதைப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. கோவிட் காலத்தில் பி.பி.இ. கிட் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் நின்றேனே, சர்டிஃபிகேட் கூடக் கொடுத்தார்களே, அதெல்லாம் எங்கே போனது? அது குழுவின் மேசைக்கே வரவில்லை. 2022-ஆம் ஆண்டுக் காலியிடங்களுக்குக் கூடுகிற பதவி உயர்வுக் குழு, அதாவது டி.பி.சி., பார்ப்பது 2015-16 முதல் 2019-20 வரையிலான ஐந்து ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளைத்தான். நம் ஆட்கள் இன்னும் சி.ஆர். என்றே சொல்கிற ஏ.பி.ஏ.ஆர். அது. கோவிட் வார்டில் அவர் நின்ற மாதங்கள் 2020-21 கணக்கு. எந்த வருஷத்தைப் பார்க்க வேண்டும் என்று காலண்டர் முன்பே முடிவு செய்துவிடுகிறது.

அந்த ஐந்தில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். எது என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டதற்கு ஒரு வரியில் பதில்: "டி.பி.சி. தங்களைத் தகுதியுடையவராகக் கருதவில்லை." பிறகு ஆர்.டி.ஐ. போட்டோம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. கேட்டவை மூன்று: அவருடைய ஐந்து ஏ.பி.ஏ.ஆர்.களின் நகல், டி.பி.சி. நடவடிக்கைக் குறிப்பில் அவரைப் பற்றிய பகுதி, ஒவ்வொரு ஏ.பி.ஏ.ஆர்.உம் அவருக்குக் காட்டப்பட்டதற்கான ஆவணம். 217-இன் அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இது வழக்கமான பதில். அந்த மறுப்போடு மொத்த மனுவும் இழுபடும். வேண்டாம் என்றேன்.

நகல் வந்தது. நான்கு வருஷம் 7-க்கு மேல். 2017-18-க்கு 3.8.

அந்தப் படிவத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்துக்கு மதிப்பெண் போடுகிற கட்டங்கள். வேலைக்கு 40 சதவீத எடை, தனிப்பட்ட பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30. பண்புகளின் கீழே வேலையில் மனப்பான்மை, பொறுப்புணர்வு, ஒழுங்கு, குழுவாக வேலை செய்தல், நேரம் தவறாமை என்று வரிசையாகப் போகும். மருந்து கொடுப்பதில் பிழை வராமல் பார்ப்பது, மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியை டாக்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பது, புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கைபிடித்து ஐ.வி. போடச் சொல்லிக் கொடுப்பது எதற்கும் அதில் தனிக் கட்டம் கிடையாது. எழுத்தருக்கும் நர்ஸுக்கும் பொருந்துகிற மாதிரி செய்த படிவம். இவருக்கு மனப்பான்மையில் 3, பொறுப்புணர்வில் 4, குழு வேலையில் 3. கீழே சொற்சித்திரம் எழுதுகிற இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. தமிழில் சொன்னால்: "பணியில் ஈடுபாடு குறைவு. அடிக்கடி விடுப்பில் செல்வதால் வார்டு பணி பாதிக்கிறது."

4-க்குக் கீழே போனால் பதவி உயர்வுக் கணக்கில் அந்த வருஷத்துக்குச் சுழி. 4 முதல் 6-க்குள் என்றால் நன்று, 5 மதிப்பெண். 6 முதல் 8-க்குள் மிக நன்று, 7. அதற்கு மேலே மிகச் சிறப்பு, 9. இவருடைய ஐந்து வருஷம் 7, 7, 0, 7, 7. சுழியைச் சேர்த்துச் சராசரி போட்டாலும் 5.6 வருகிறது. இந்தப் பதவிக்கு வேண்டிய தரம் நன்றுதான். குழு மொத்தத் தரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அறிக்கையைப் படித்துத் தானே மதிப்பிட வேண்டும் என்று டி.பி.சி.க்கான வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நடவடிக்கைக் குறிப்பில் இருந்ததோ, "2017-18 தரம் குறைவு, தகுதியில்லை" என்ற ஒரே வரி. அன்றைக்கு நிறையப் பேரின் கோப்பு பார்த்திருப்பார்கள். இவருடையதைப் புரட்டிய மாதிரியே தெரியவில்லை.

இனி 2017-18-இல் நடந்தது. அந்த வருஷத்தை நாள் கணக்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதச் சொன்னேன். வழக்கே அந்தத் தாளில்தான் இருந்தது.

ஏப்ரல் 1 முதல் மே 14 வரை 44 நாள், மெடிக்கல் வார்டு. மே 15 முதல் நவம்பர் 10 வரை 180 நாள், மகப்பேறு விடுப்பு. நவம்பர் 11 முதல் ஜனவரி 16 வரை 67 நாள், குழந்தை பராமரிப்பு விடுப்பு. ஜனவரி 17 முதல் மார்ச் 31 வரை 74 நாள், சர்ஜிகல் வார்டு. கூட்டினால் 365.

ஏ.பி.ஏ.ஆர். எழுதுகிற அதிகாரி அந்த ஊழியரின் வேலையைக் குறைந்தது மூன்று மாதமாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 44 நாள் பார்த்த மெடிக்கல் வார்டு இன்சார்ஜுக்கு அந்த அதிகாரம் இல்லை. 74 நாள் பார்த்த சர்ஜிகல் வார்டு இன்சார்ஜுக்கும் இல்லை. அப்படிப்பட்ட வருஷத்துக்கு அறிக்கை இல்லை என்று சான்று வைத்துவிட்டு, டி.பி.சி. அதற்கு முந்தைய ஒரு வருஷத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், இங்கே 2014-15. அந்த வருஷத்துக்கும் அவருக்கு 7-க்கு மேல்தான். சர்ஜிகல் வார்டு இன்சார்ஜ் எழுதியே இருக்கக் கூடாத ஒரு தாளை எழுதினார். ஆபீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. மேலே பரிசீலனை செய்தவர் கையெழுத்துப் போட்டார். நாலு வருஷம் கழித்து அது வேலையைக் காட்டியது.

இது நர்ஸ்களுக்கே உரிய ஆபத்து என்று நினைக்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற கிளார்க்குக்கு வருஷம் முழுக்க ஒரே சூப்பரிண்டெண்டெண்ட். நமக்கு அப்படியா? ரொட்டேஷனில் மூன்று மாதம் ஓ.பி., நாலு மாதம் ஐ.சி.யூ., நடுவில் யாரோ லீவு என்று வேறு வார்டுக்கு அனுப்புவார்கள். நைட் டியூட்டியில் இருக்கும்போது இன்சார்ஜ் சிஸ்டரை ஹேண்டிங் ஓவர் நேரத்தில் பார்ப்பதோடு சரி. மார்ச் 31 அன்று யார் வார்டில் இருக்கிறோமோ அவர் எழுதிவிடுவார் என்பது பல இடங்களில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. சுயமதிப்பீட்டுப் பகுதியில் நாமும் "ஒதுக்கப்பட்ட பணிகளைச் செய்தேன்" என்று ஒரு வரி எழுதி நீட்டிவிடுகிறோம். இவரும் அதைத்தான் எழுதியிருந்தார். இந்த வார்டில் 74 நாள், முந்தைய வார்டில் 44 நாள்தான் வேலை செய்தேன், மற்றது அனுமதிக்கப்பட்ட விடுப்பு என்று அங்கேயே தேதியோடு எழுதியிருந்தால், படிவத்தை வாங்குகிற ஆபீஸ் உதவியாளருக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

இன்சார்ஜ் சிஸ்டரைப் பற்றி. இவருக்கு அவர் வில்லி. நான் அப்படிப் பார்க்கவில்லை. நாற்பது படுக்கை சர்ஜிகல் வார்டு. நைட்டில் இரண்டே பேர். இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் பணியிடம். மகப்பேறு விடுப்பில் ஒருவர் போனால் அந்த 30 சதவீதத்திலிருந்து ஆள் வர வேண்டும். வருவதில்லை, ஏனென்றால் அந்த இடங்களை நிரப்புவதில்லை. ஆறு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், இரண்டு மாதத்துக்கு நைட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மேட்ரன் ஆபீஸ் ஒப்புக்கொண்டது. அந்த நைட்டெல்லாம் மற்ற நாலு பேர் தலையில் விழுந்தது. அவர்கள் முணுமுணுத்தது இன்சார்ஜ் காதில்தான். நிர்வாகம் நிரப்பாத காலியிடம் சுற்றி வளைத்து ஒரு தாயின் சி.ஆர்.இல் "ஈடுபாடு குறைவு" என்று வந்து உட்கார்ந்தது. இன்சார்ஜின் பேனாவுக்கு அப்படி எழுத உரிமை இல்லை என்பது வேறு விஷயம். அவர் கஷ்டமும் பொய்யில்லை.

இதே விடுப்பு விவகாரத்தில் இன்னொரு நர்ஸிங் ஆபீஸரின் வழக்கு, இவர் பட்டியலில் விடுபட்ட அதே வருஷம் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. சண்டிகர் பி.ஜி.ஐ.எம்.இ.ஆர். மருத்துவமனையில் பணிபுரிந்த தீபிகா சிங், கணவரின் முதல் திருமணத்துக் குழந்தைகளுக்காகக் குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுத்திருந்தார். பிறகு தன் வயிற்றில் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு கேட்டபோது, ஏற்கெனவே இரண்டு குழந்தை கணக்கில் இருக்கிறது என்று மறுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 16 அன்று நீதிமன்றம் அவருக்கு விடுப்பு உண்டு என்றது. மகப்பேறு விடுப்பு பெண்கள் வேலையில் தொடர்வதற்காக ஏற்பட்டது, குழந்தை பராமரிப்பு விடுப்பு அதோடு மோதுகிற ஒன்றில்லை என்பது அதன் சாரம். பதவி உயர்வு பற்றிய வழக்கில்லைதான். ஆனாலும் அனுமதித்துக் கொடுத்த விடுப்பை ஒரு பெண்ணுக்கு எதிராகத் திருப்பக் கூடாது என்று வாதிட அது நமக்குப் பயன்பட்டது.

ஓட்டை இன்னொன்றும் இருந்தது, அதுதான் பெரியது. 2017-18 அறிக்கை அவருக்குக் காட்டப்படவே இல்லை. விதிப்படி சுயமதிப்பீடு ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும். எழுதுகிற அதிகாரி ஜூன் இறுதிக்குள்ளும் பரிசீலிப்பவர் ஜூலை இறுதிக்குள்ளும் முடிக்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் முழு அறிக்கையையும் ஊழியர் கையில் கொடுத்து, மாற்றுக் கருத்து இருந்தால் 15 நாளில் சொல்லச் சொல்ல வேண்டும். ஆர்.டி.ஐ. பதிலோடு வந்த பதிவேட்டு நகலில் மற்றவர்களுடைய கையெழுத்துகள் இருந்தன. இவர் பெயருக்கு நேரே கட்டம் காலி.

2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்த்தது. எல்லைச் சாலை அமைப்பில் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் அவர். வேண்டிய தரம் மிக நன்று. ஒரு வருஷத்துக்கு மட்டும் நன்று என்று எழுதி, அதை அவரிடம் சொல்லாமலே பதவி உயர்வை மறுத்தார்கள். நன்று என்பது திட்டில்லையே, ஏன் தெரிவிக்க வேண்டும் என்பது அரசின் வாதம். எந்தப் பதிவானாலும் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதது தன்னிச்சையான செயல் என்றது நீதிமன்றம். வழக்கு முடிந்தபோது அவர் ஓய்வே பெற்றிருந்தார். 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்துவிட்டது. இதற்குப் பிறகும் காலிக் கட்டத்தோடு பதிவேடு வைத்திருக்கிற அலுவலகங்கள் இருக்கின்றன.

மனு எழுத உட்கார்ந்தோம். அவர் எழுதி வந்தது ஆறு பக்கம். முதல் இரண்டு பக்கம் கோவிட் வார்டு. அடுத்து 217-ஐவிடத் தான் எந்தெந்த வகையில் மேல் என்று. அடுத்து இன்சார்ஜ் சிஸ்டர் பேசிய பேச்சுகள், தேதியோடு. கடைசிப் பக்கத்தில், "நான் என்ன பாவம் செய்தேன்" என்று தொடங்கும் ஒரு பத்தி. படிக்கிறவர் மனம் இளகும். ஆனால் தீர்க்கிற அதிகாரிக்கு இளகிய மனதோடு செய்ய ஒரு வேலையும் இல்லை. விதி எண் வேண்டும், தேதி வேண்டும், இணைப்பு வேண்டும். நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனபோது அவருக்குக் கண் கலங்கியது. "இதெல்லாம் உண்மைதானேக்கா" என்றார். உண்மைதான். இன்சார்ஜைப் பற்றி எழுதினால் மனு தனிப்பட்ட சண்டையாகிவிடும், அவரிடம் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் வர வருஷமாகும். தகுதியைப் பற்றி வாதிட்டால் தேர்வுக் குழுவின் மதிப்பீட்டில் தலையிட மாட்டோம் என்று தீர்ப்பாயம் கையை விரித்துவிடும். 5.6 சராசரியைக்கூட அதனால் ஓரத்தில்தான் வைத்தேன்.

மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். மூன்று மாதம் பார்த்த அதிகாரி யாரும் இல்லாத வருஷத்துக்கு எழுதிய அறிக்கை செல்லாது. அது தெரிவிக்கப்படவில்லை, ஆகவே டி.பி.சி. அதைப் பார்த்திருக்கக் கூடாது. குறைகூறும் வாசகம் நிர்வாகமே அனுமதித்த விடுப்பைத்தான் குறிக்கிறது. இணைப்பாக இரண்டு விடுப்பு உத்தரவுகள், இரண்டு வார்டு மாற்ற உத்தரவுகள், பதிவேட்டின் நகல். கோரிக்கை: 2017-18 அறிக்கையை நீக்கி, 2014-15-ஐ எடுத்து, மறு டி.பி.சி. கூட்டி, 217 உயர்ந்த தேதியிலிருந்து பதவி உயர்வு. நகல் கைக்கு வந்த 15 நாளுக்குள் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டோம். அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு பதவி உயர்வை உரிமையாகத் தரவில்லை. முறையாகப் பரிசீலிக்கப்படுவதைத்தான் உரிமையாகத் தருகிறது. மனு முழுக்க அந்த எல்லைக்குள் நின்றது.

இதற்கிடையே வீட்டில், "சம்பளம் வருதில்ல, விடு" என்று கணவர். பணத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. நிலை 7 தொடங்குவது 44,900-இல், நிலை 8 தொடங்குவது 47,600-இல். பத்தாண்டு முடிந்தால் எம்.ஏ.சி.பி. திட்டத்தில் பதவி உயர்வு இல்லாமலே அடுத்த நிலை கிடைக்கும். இவருக்கு அது 2022 செப்டம்பரில். ஆனால் அதிலும் இதே தாள் குறுக்கே நிற்கும். 2016 ஜூலைக்குப் பிறகு எம்.ஏ.சி.பி.க்கு வேண்டிய தரம் மிக நன்று. பதவி உயர்வுக்கு நன்று போதும், வெறும் சம்பள உயர்வுக்கு மிக நன்று வேண்டும் என்பது ஏழாவது ஊதியக் குழு விட்டுச்சென்ற விசித்திரங்களில் ஒன்று. சீனியாரிட்டியோ அதைவிடப் பெரிய விஷயம். அசிஸ்டென்ட் நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்ட், டெபுடி என்று மேலே போகிற ஒவ்வொரு படியிலும் இன்று பின்னால் போனவர் பின்னாலேயே நிற்பார்.

மனுவுக்குப் பதில் இல்லை. மறுபடி மனு, மறுபடி நினைவூட்டல் என்று போய்க்கொண்டே இருப்பது நம் ஆட்களின் வழக்கம். திரும்பத் திரும்ப மனுக் கொடுப்பதால் காலவரம்பு நீளாது என்று எஸ்.எஸ். ரத்தோர் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. முதல் மனுவிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஒரு வருஷத்துக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போயாக வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் போனோம். கட்டணம் ஐம்பது ரூபாய். வக்கீல் செலவு தனி. முதல் விசாரணையிலேயே, வழக்கின் உள்ளே போகாமல், எட்டு வாரத்தில் மனுவின் மீது காரணம் சொல்லி முடிவெடுங்கள் என்று உத்தரவு. தீர்ப்பாயத்தில் இது வழக்கமான உத்தரவுதான், வக்கீலுக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் காரணம் சொல்ல வேண்டும் என்றதும் நிர்வாகம் அந்த 365 நாள் தாளைக் கூட்டிப் பார்த்தது. அறிக்கை நீக்கப்பட்டது. 2023 ஜூனில் மறு டி.பி.சி. கூடித் தகுதி உள்ளவர் என்று எழுதியது. 215-க்கும் 217-க்கும் நடுவில் பழைய இடம் கிடைத்தது.

இதைப் படிக்கிற தமிழ்நாடு அரசு செவிலியர்களுக்கு ஒன்று: உங்கள் காகிதம் வேறு. அங்கே பேனல் என்கிற பதவி உயர்வுப் பட்டியல், அதற்கான நிர்ணயத் தேதி, அந்தத் தேதியில் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சின்னப் புகாரில் கொடுத்த 17(பி) மெமோவை முடிக்காமல் வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டே ஆளை நிறுத்திவிட முடியும். தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இந்த ஆயுதங்கள் எதுவும் இல்லை. அங்கே யார் வார்டு இன்சார்ஜ் என்பது நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்ட் அறையில் பேசி முடிகிற விஷயம்.

இவருடைய கோப்பு இன்னும் மூடவில்லை. மறு டி.பி.சி.யில் உயர்வு பெறுகிறவருக்கு ஜூனியர் உயர்ந்த தேதியிலிருந்து சம்பளத்தைக் கணக்கில் மட்டும் நிர்ணயிப்பார்கள். நிலுவைத் தொகை கிடையாது, அந்தப் பதவியில் நீங்கள் வேலை பார்க்கவில்லையே என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வேலை செய்யத் தயாராக இருந்தவரை நிர்வாகமே தடுத்தால், வேலையில்லை ஆகவே ஊதியமில்லை என்ற விதி பொருந்தாது என்று 1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததால் பதவி உயர்வு முடிவு மூடிய உறையில் வைக்கப்பட்டவர்களின் வழக்கு, உங்களுக்குப் பொருந்தாது என்பது நிர்வாகத்தின் பதில்.

அதைவிட விநோதம், 2022 ஜனவரியிலிருந்து பதவி உயர்வு என்று கணக்கு வைத்துவிட்டதால் 2022 செப்டம்பர் எம்.ஏ.சி.பி. இவருக்கு இல்லாமல் போனது. பத்து வருஷத்துக்குள் ஒரு உயர்வு கிடைத்துவிட்டதே. பதவி உயர்வே தராமல் அந்த அறிக்கையை மட்டும் நீக்கியிருந்தால், செப்டம்பரிலிருந்து 2023 ஜூன் வரை நிலை 8 சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வந்திருக்கும். ஜெயித்ததால் ஒன்பது மாதப் பணம் போயிருக்கிறது. குறைந்தது அந்த ஒன்பது மாதத்துக்காவது நிலுவை கொடுங்கள் என்று இந்த முறை ஒரே பக்கத்தில் அவரே மனு எழுதினார். நான் ஒரு கமாவைத்தான் மாற்றினேன். கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்தும் பதில் வராவிட்டால் மறுபடியும் ஐம்பது ரூபாய் கட்டுவதாக இருக்கிறோம்.